"அம்மாவுக்கும் இப்படித்தான் வலிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்

பீரியட்ஸ் வலியில் ஒரு பெண் சுருண்டு படுத்தால் வீட்டில் முதலில் வரும் பதில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, கல்யாணமானா சரியாயிடும்." அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்திருக்கலாம், யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய தகவலையே, டாக்டரிடம் போகாமல் இருப்பதற்குக் காரணமாக்கிவிடுகிறோம்.

கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலோ குடல் மேலோ ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு. ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இது யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்கள் காரணம். அம்மா, சித்தி, பெரியம்மாவை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவதும் தவறு. மரபணு அப்பா வழியிலும் வரும், அத்தைகளையும் கேளுங்கள்.

அதற்காக உடனே மரபணு டெஸ்ட் எடுக்கப் பணம் கட்ட வேண்டாம். 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, 60,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் டிஎன்ஏவை நோய் இல்லாத 7 லட்சம் பேரோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 42 இடங்களை டிஎன்ஏவில் கண்டது. அத்தனையும் சேர்ந்துகூட நோயின் வேறுபாட்டில் 5 சதவீதம் அளவுக்குத்தான் விளக்கம் தருகின்றன. ஆராய்ச்சிக்கு அது தங்கம், உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற நாள்பட்ட வலிகளோடும் இதே மரபணுப் பின்னணி ஓரளவு பொருந்துகிறது. "இவளுக்கு எப்பவும் ஏதாவது வலி" என்று கேலி செய்கிறவர்கள் இதைப் படிக்கலாம்.

சரி, இந்த நோயில் இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி, எப்படி வருகிறது? மாதவிடாய் ரத்தம் கொஞ்சம் பின்னோக்கி வயிற்றறைக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, ஆனால் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வருபவர்களுக்கு, அங்கே குப்பையை அள்ள வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள் வேலையை முடிக்காமல் அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன; அதில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்க, அது அந்தத் திசுவிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் உற்பத்தியைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் புரோஸ்டாகிளாண்டினைக் கூட்ட, சுற்று நிற்பதே இல்லை. வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரை போடுவது ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது. மெஃபனாமிக் அமிலம், இபுப்ரோஃபென் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பவை, ஏற்கெனவே சுரந்ததை அழிப்பவை அல்ல. அதனால் வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன அளவில் போட வேண்டும் (அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருந்தால் முதலில் கேட்டுவிட்டு).

இந்த அழற்சி உள்ளூர் விவகாரம் என்பதால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான சிஆர்பி, ஈஎஸ்ஆர் நார்மலாகவே இருக்கலாம், அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லக் கூடாது. அழற்சி என்றதும் மஞ்சள் கேப்ஸ்யூலுக்குத் தாவுவது இன்னொன்று. குழம்பில் மஞ்சள் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமினை அதிக அளவில் தரும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, நோய்த்திசு அதனால் கரைந்துபோனதற்கு நிரூபணம் இல்லை. டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளை நிறுத்திவிட்டு டயட்டை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் ஸ்கேன். சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) தெரியும், வயிற்றறைப் படலத்தில் படரும் சிறு புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றாலும் வலி தொடர்ந்தால் மறுபடியும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எந்தெந்த நாட்களில் வலி, மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலிக்கிறதா, மாதம் எத்தனை நாள் லீவு போடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்கெல்லாம் இப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.