முதலாண்டுப் பாடங்களைப் பின்னாலிருந்து தேர்ந்தெடுங்கள்

ஐ.டி. பட்டப்படிப்பில் முதலாண்டுப் பாடங்களைப் பதிவு செய்யுமுன், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பட்டியலைத் திறந்து எதற்கு எது முன்தேவை என்று பாருங்கள். பெரும்பாலும் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகள்) பாடத்துக்கு அடிப்படை புரோகிராமிங் முடித்திருக்க வேண்டும். அல்காரிதம் (ஒரு சிக்கலைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிமுறை) பாடத்துக்குக் கணிதமும் கேட்பார்கள். புரோகிராமிங்கை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளினால், வருடத்துக்கு ஒருமுறையே நடக்கும் அடுத்த பாடம் கைநழுவி, எல்லாமே ஓராண்டு தள்ளிப்போகும். முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிடுங்கள்.

ஆனால் கோடிங் பாடம் ஒரே செமஸ்டரில் இரண்டுக்கு மேல் வேண்டாம். கிரெடிட் (பாடத்துக்குத் தரும் புள்ளி) சமமாக இருந்தாலும் லேப் உள்ள பாடம் நேரத்தைத் தின்னும். கோடில் விடுபட்ட ஒரு அடைப்புக்குறியைத் தேடியே மாலை போய்விடும். கூட ஒரு கணிதம், ஒரு அறிக்கை எழுதும் பாடம் போதும். பாடத்தைக் கைவிடும் கடைசித் தேதியையும் குறித்துவையுங்கள். அதற்குள் முதல் அசைன்மென்ட் வந்தால், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.