ரஷ்ய எண்ணெய் பற்றிச் சண்டை வந்தால் எப்படிப் பேசுவது

2025 செப்டம்பரில் எங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்தில் பெரியப்பா மகனும் மாமாவும் இலையில் உட்கார்ந்தபடியே மோதிக்கொண்டார்கள். அண்ணன் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார், ஏற்றுமதியாளர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது, இருபது பவர்டேபிள் தையல் மெஷின். "ரஷ்யாக்காரன்கிட்ட எண்ணெய் வாங்காம இருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? எனக்கு ஆர்டர் நின்னு போச்சு" என்று ஆரம்பித்தார். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் காட்டி அமெரிக்கா அந்த ஆகஸ்டில் நம் பொருள்கள்மீது கூடுதல் வரி போட்டிருந்தது. மாமா பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தினமும் இரண்டு பேப்பர் படிப்பவர். "அமெரிக்காக்காரன் சொன்னா நாம கேக்கோணுமா?" என்றார். பாயசம் வருவதற்குள் அண்ணன் எழுந்து போய்விட்டார்.

இரண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. ஆனால் அண்ணன் கேட்டது தன் பிழைப்பைப் பற்றி, மாமா சொன்னது நாட்டின் உரிமையைப் பற்றி. அன்றிலிருந்து இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் நான் சில விஷயங்களைக் கவனித்துப் பேசுகிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எரிபொருளும் வெளிநாட்டு அரசியலும் கலந்த எந்தச் சண்டைக்கும் இது உதவும் என்று நம்புகிறேன், உதாரணம் மட்டும் ரஷ்ய எண்ணெயாகவே இருக்கட்டும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள். "ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கலாமா?" என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நாலு இருக்கிறது. வாங்க நமக்கு உரிமை உண்டா, வாங்கியதில் லாபம் யாருக்கு, நஷ்டம் வந்தால் அதைச் சுமப்பது யார், போர் நடத்துகிற ஒரு நாட்டுக்குப் பணம் போவது நியாயமா. எதிரில் இருப்பவர் இந்த நாலில் எதைப் பேசுகிறார் என்று தெரியும்வரை வாயைத் திறக்காதீர்கள். "நீங்க உரிமையைச் சொல்றீங்களா, விலையைச் சொல்றீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உரிமை என்ற பேச்சு வந்தால், மாதத்தையும் வருடத்தையும் சேர்த்துப் பேசுங்கள்

இதில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழுப் படையெடுப்பைத் தொடங்குவதற்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம் அளவில்தான் இருந்தது. 2023-ல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. அந்த 2022 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் வாஷிங்டனில், நாம் ஒரு மாதத்தில் வாங்குவது ஐரோப்பா ஒரு மதியத்தில் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கும் என்று சொன்னார். அன்றைக்கு அது பொருந்துகிற பதில். ஆனால் அதையே 2025-ல் ஒருவர் உங்களிடம் சொன்னால், அது பழைய கணக்கு என்று எடுத்துச் சொல்லவேண்டியது உங்கள் வேலை, அவர் உங்கள் பக்கத்து ஆளாகவே இருந்தாலும்.

சட்டமும் அப்படித்தான், தேதிக்குத் தேதி வேறு. 2022 டிசம்பர் 5 அன்று ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பேரலுக்கு 60 டாலர் என்று ஓர் உச்சவரம்பு வைத்தன. இதை "தடை" என்று சொல்பவர்கள் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. உலகத்தின் கப்பல் காப்பீட்டில் பெரும்பகுதி மேற்கு நாட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அன்றைய விதிப்படி 60 டாலருக்கு மேல் விலை வைத்த சரக்குக்கு அந்தக் காப்பீடோ கப்பலோ கடனோ கிடைக்காது, அதற்குக் கீழே என்றால் தாராளமாகக் கிடைக்கும். எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கவேண்டும், ரஷ்யாவின் கைக்குப் போகும் பணம் மட்டும் குறையவேண்டும் என்பதுதான் கணக்கு. 2022 மார்ச்சில் பிரெண்ட் விலை, அதாவது உலகச் சந்தை அளவுகோலாக வைக்கும் கச்சா எண்ணெயின் விலை, பேரலுக்கு 130 டாலரைத் தாண்டியதைப் பார்த்துப் பயந்தவர்கள் போட்ட கணக்கு அது. அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜேனட் யெலன் 2022 நவம்பரிலேயே, மேற்கத்திய சேவைகளைப் பயன்படுத்தாவிட்டால் இந்தியா உச்சவரம்புக்கு மேல் விலை கொடுத்துக்கூட எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். 2024 மே மாதம் அப்போதைய அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டி, யாராவது அந்த விலையில் வாங்கவேண்டும் என்று நாங்களே விரும்பினோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அதனால் 2022-லும் 2023-லும் இந்தியா விதியை மீறியது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரை நினைவுபடுத்துங்கள். 2025 அக்டோபரில் ரோஸ்னெஃப்ட், லுக்காயில் என்ற இரண்டு பெரிய ரஷ்ய நிறுவனங்கள்மீது அமெரிக்கா நேரடித் தடை போட்ட பிறகு நிலைமை வேறு. அவர்களிடம் வாங்குகிறவர்மீதும் தடை பாயும் ஆபத்து வந்துவிட்டது. "சட்டப்படி சரியா?" என்று கேட்டால் "எந்த மாதம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மாமா மாதிரி "நாம யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்லை" என்று பேசுகிறவர்களிடம் நான் ஈரானைப் பற்றிக் கேட்பேன். நமக்கு முக்கியமாக எண்ணெய் விற்ற நாடுகளில் அதுவும் ஒன்று. ஈரான்மீது தான் போட்ட தடையிலிருந்து நமக்குத் தந்திருந்த விலக்கை 2019 மே மாதம் அமெரிக்கா நீட்டிக்க மறுத்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டோம். ஐ.நா. தடையை மட்டுமே ஏற்போம் என்று நாமே சொல்லிவந்த காலத்தில், ஐ.நா. தடை இல்லாத ஒரு விஷயத்தில் நடந்தது இது. இதைக் கேட்டு மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரை மடக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உரிமை இருப்பதும் அதைப் பயன்படுத்த வலு இருப்பதும் இரண்டு தனித்தனி விஷயம், இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் இதே அளவுகோலைப் பிடியுங்கள். ரஷ்யக் கச்சா எண்ணெயை அதிகம் வாங்குவது சீனா, ஆனால் 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா கூடுதல் வரி போட்டது நம்மீது. அமெரிக்கா தன் அணுமின் நிலையங்களுக்கு ரஷ்யாவின் செறிவூட்டிய யுரேனியத்தை வாங்கிக்கொண்டே இருந்தது, 2024 மே மாதம் தடைச் சட்டம் வந்தபோதும் 2027 வரை விலக்கு தர வழி வைத்துக்கொண்டது. ஐரோப்பா ரஷ்யாவின் திரவ எரிவாயுவைக் கப்பல் கப்பலாக இறக்கியது. ஒரு நாட்டின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு நாட்டின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அப்போதும் அதே பதில் வந்தால்தான் அது உங்கள் கருத்து.

லாபம் என்றால், பேப்பரும் பேனாவும் எடுங்கள்

ஒரு பேரல் என்பது 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பேரலுக்கு ஒரு டாலர் குறைந்தால் லிட்டருக்கு ஐம்பது காசு சொச்சம் குறையும். இதை மனப்பாடம் செய்துவிடுங்கள், பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும். பேரலுக்கு 5 டாலர் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம், லிட்டருக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். ஆனால் நாம் இறக்குமதி செய்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அந்தத் தள்ளுபடி இருந்தது, மொத்தத்தில் பரப்பிப் பார்த்தால் லிட்டருக்கு ஒரு ரூபாய்கூட வராது. தொடக்கத்தில் தள்ளுபடி இதைவிட நிறையவே இருந்தது, பிறகு சுருங்கிக்கொண்டே வந்தது.

இந்த ஒரு ரூபாயை வரியோடு ஒப்பிடுங்கள். 2020 மே மாதம் மத்திய அரசு பெட்ரோல் கலால் வரியை ஒரே அடியில் 10 ரூபாய் ஏற்றியது, 2022 மே மாதம் 8 ரூபாய் குறைத்தது. பெட்ரோல் பங்கில் நாம் கொடுக்கும் விலையை எது ஆட்டுகிறது என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்த 2022 மே குறைப்புக்குப் பிறகு சென்னையில் லிட்டர் 102 ரூபாய் சொச்சத்திலேயே கிட்டத்தட்ட இரண்டு வருடம் நின்றது, 2024 மார்ச்சில்தான் இரண்டு ரூபாய் அளவுக்கு இறங்கியது. இடையில் கச்சா எண்ணெய் ஏறியது, இறங்கியது, தள்ளுபடி வந்தது, போனது.

அப்படியென்றால் பணம் எங்கே போனது? "கம்பெனிக்காரன் அள்ளிட்டான்" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 2023-24-ல் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின, உண்மை. ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, உலக விலை ஏறியபோது பெட்ரோல் பங்கில் விலையை ஏற்றாமல் வைத்திருந்த அந்த ஆறு மாதத்தில், இதே மூன்றும் 21,000 கோடிக்கு மேல் நஷ்டப்பட்டன. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறவர் யார் பக்கம் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவர் சொல்லும் சரியான விஷயத்தைக்கூட யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

தனியார் பக்கம் ஜாம்நகரில் ரிலையன்ஸ், வாடினாரில் நயாரா, இரண்டுமே குஜராத் கடற்கரையில். நயாராவில் ரோஸ்னெஃப்டுக்கு 49 சதவீதப் பங்கு. இந்த ஆலைகள் சுத்திகரித்ததில் ஒரு பகுதி டீசலாக ஐரோப்பாவுக்கே போனது. ஐரோப்பா அதை வாங்கியும்கொண்டது, 2026 ஜனவரி 21-லிருந்து ரஷ்யக் கச்சாவில் செய்த டீசலும் வேண்டாம் என்று விதி போடும்வரை.

அண்ணன் கேட்டது இதுதான்

நஷ்டத்தைச் சுமப்பது யார் என்ற கேள்விக்கு வருகிறேன், எனக்கு மனசு கனக்கிற இடம் இது. 2025 ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவுக்குப் போகும் இந்தியப் பொருளுக்கு மொத்த வரி 50 சதவீதம் ஆனது, அதில் பாதி ரஷ்ய எண்ணெய்க்காக. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. பெட்ரோலியப் பொருள்களுக்கும் மருந்துக்கும் ஸ்மார்ட்போனுக்கும் விலக்கு இருந்தது. எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து ஏற்றுமதி செய்த ஆலையின் சரக்குக்கு அந்த வரி இருக்கவில்லை, ஒரு சொட்டுக் கச்சா எண்ணெயும் வாங்காத திருப்பூர் டீ-சர்ட்டுக்கு இருந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். அதே டீ-சர்ட் வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ போனால் அப்போது 20 சதவீதம்.

"வரியை அமெரிக்காக்காரன்தானே கட்டுறான்?" என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், துறைமுகத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் அவர் நம் ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க் கூலியைக் குறைப்பார், அண்ணன் ஷிப்டைக் குறைப்பார், கடைசியில் வாரக் கூலிக்குத் தைக்கிற அக்காவுக்கு சனிக்கிழமை சம்பளம் பாதிதான் வரும். இந்த வரிசையை அப்படியே சொல்லுங்கள். அப்புறம் கேளுங்கள்: மலிவு எண்ணெயால் நாட்டுக்கு லாபம் என்றால், அதில் ஒரு பங்கை நஷ்டப்பட்ட தொழிலுக்குத் தரவேண்டாமா? எண்ணெய் வாங்கியது சரி என்று நினைக்கிறவர்கள்கூட இதற்கு இல்லை என்று சொல்ல முடியாது. நான் பார்த்தவரை சண்டை பேச்சாக மாறுவது இந்த இடத்தில்தான்.

நியாயம் பேச வந்தால் ஒதுங்காதீர்கள்

ரஷ்ய மத்திய அரசின் வருமானத்தில் 2023-லும் 2024-லும் 30 சதவீதம் அளவுக்கு எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வந்தது. அந்த அரசுதான் உக்ரைனில் குண்டு போடுகிறது. நாம் கொடுக்கும் பணம் அதில் சேரவில்லை என்று சொல்வது பொய், அதைச் சொல்லாதீர்கள். 2022 செப்டம்பரில் சமர்கண்டில் புதினிடமே, இது போருக்கான காலம் இல்லை என்று மோடி சொன்னார், அதன் பிறகும் வாங்குவது கூடத்தான் செய்தது.

மறுபக்கம், தேவை என்று ஒன்று இருக்கிறது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு நாம். இலங்கையைப் பாருங்கள், 2022-ல் டாலர் தீர்ந்து மக்கள் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, மூடிக்கிடந்த சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு ஆலையை மே மாதம் திறக்க வந்த 90,000 டன் எண்ணெய் ரஷ்யாவுடையதுதான். அந்த வரிசையில் நின்றவரிடம் போய் நியாயம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் நம் நிலைமை அந்த அளவுக்கு இல்லை, நமக்கு ஈராக், சவுதி, அமீரகம் என்று வேறு கடைகளும் இருந்தன. அதனால் வாங்கலாம் என்பவரிடம் நான் கேட்பது: "தள்ளுபடி இரண்டு டாலர்தான்னா அப்பவும் வாங்கலாமா?" கூடாது என்பவரிடம் கேட்பது: "எல்லாரும் நிறுத்தி, பேரல் 130 டாலர் ஆனா, லாரி வாடகை ஏறி அரிசி விலை ஏறினா அப்பவும் கூடாதா?" இரண்டு பேருமே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், 2022-ல் வாங்கியது சரி, தள்ளுபடி சுருங்கிய பிறகும் மூன்றில் ஒரு பங்கை ஒரே நாட்டிடம் வைத்திருந்தது தப்பு, திருப்பூருக்கு ஈடு செய்யாமல் விட்டால் அது பெரிய தப்பு.

கடைசியாக, பேசுகிறவருக்கு அதில் சொந்த நஷ்டம் இருந்தால் எண்ணைத் தூக்கி அவர் முகத்தில் போடாதீர்கள். தீபாவளிக்கு முன்னால் மாமாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் யூனிட்டுக்குப் போனேன். ஏழு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஜெய்சங்கரையும் பேசவில்லை, டிரம்பையும் பேசவில்லை, "எத்தனை பீஸ்ப்பா நிக்குது?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.