ஆங்கிலத்தை நடுவில் வைத்து ஸ்வீடிஷ் பேசாதீர்கள்

ஸ்வீடனுக்கு வேலைக்கோ படிக்கவோ போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்துக்கொண்டுதான் ஸ்வீடிஷ் பேசத் தொடங்குகிறார்கள். இலக்கணம் சரியாகவே இருக்கும், ஆனால் கேட்பவர் ஒரு நொடி விழிப்பார். (கீழே வரும் உச்சரிப்புகள் தோராயம்தான். அங்கே உள்ள சில உயிரொலிகளுக்கு நம்மிடம் எழுத்தே கிடையாது.)

முதலில் 'ப்ளீஸ்'. அகராதியில் தேடினால் 'ஸ்னெல்லா' என்று கிடைக்கும். அதைக் காபிக் கடையில் சொல்லாதீர்கள். ஐஸ்கிரீம் கேட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும் பிள்ளையின் சொல் அது. 'என் கஃபே, டக்' என்றால் போதும்: ஒரு காபி, நன்றி. மரியாதையெல்லாம் அந்த 'டக்'கிலேயே வந்துவிடும். அவர்கள் நன்றி சொன்னால், 'யூ ஆர் வெல்கம்' நினைவில் 'வேல்கொம்மென்' என்று பதில் சொல்லிவிடாதீர்கள். அது வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்பதற்கு. இங்கே 'வர்ஷகூட்' என்று சொல்ல வேண்டும்.

அடுத்து 'யூ'. ஒருவரைச் சொல்ல 'டூ', பலரைச் சொல்ல 'நீ'. ஆமாம், நம் காதுக்கு அப்படியே 'நீ'தான், பொருள் மட்டும் 'நீங்கள்'. மரியாதை கொடுக்கிறோம் என்று மேலதிகாரியை 'நீ' போட்டு அழைத்தால், அவருக்கு அது விலகி நிற்பது போலப் படலாம். 1967-ல் அரசின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அதையொட்டிய ஆண்டுகளில் நாடே அப்படி மாறியது. டாக்டர், பேராசிரியர், மேலாளர் எல்லோருக்கும் 'டூ'தான். அரச குடும்பம் மட்டும் விதிவிலக்கு.

ரொம்பப் பேர் தடுக்கி விழும் இடம் 'ஐ திங்க்'. இதற்கு அங்கே மூன்று வினைகள். அனுபவித்துச் சொல்லும் அபிப்பிராயத்துக்கு 'டிக்கெர்', உறுதியில்லாத ஊகத்துக்கு 'ட்ரூர்', யோசிப்பதற்கும் 'போகலாம்னு இருக்கேன்' என்பதற்கும் 'டெங்கெர்'. ஒருவர் வீட்டில் விருந்து. தட்டில் பாதி காலியாகிவிட்டது, சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள். நீங்கள் 'ட்ரூர்' போட்டுப் பதில் சொன்னால், 'நல்லாதான் இருக்கும்போல' என்று ஆகிவிடும், வாயில் வைத்தே பார்க்காதவர் மாதிரி. அங்கே 'டிக்கெர்' வேண்டும்.

இதில் வேடிக்கை, பல இடங்களில் தமிழிலிருந்தே நேராகப் போனால் வழி சுலபம். 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று செயலியில் அடித்தால் ஏதோ ஒரு சொல் வரும், அது யாரைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்வீடிஷிலோ நம்மைப் போலவே தாய்வழி, தந்தைவழி பிரித்துதான் சொல்வார்கள். தாய்மாமன் 'முர்ப்ரூர்', அத்தை 'ஃபஸ்டெர்', அம்மாவைப் பெற்ற பாட்டி 'முர்முர்', அப்பாவைப் பெற்ற பாட்டி 'ஃபர்முர்'. பெரியம்மா, சித்தி என்று வயது பார்த்துப் பிரிப்பதில்லை, இருவரும் 'முஸ்டெர்'தான். மருந்தையும் நம்மைப் போலவே 'சாப்பிடுவார்கள்': 'ஏட்டா மெடிசீன்'. குளிரெடுத்தால் 'ஐ ஆம் கோல்ட்' என்பதைப் பெயர்க்காமல், நம் 'குளிருது' போல வினையாகவே 'யா ஃப்ரீசெர்' என்று சொல்லுங்கள்.

'காபி வேண்டாமா?' என்று எதிர்மறையாகக் கேட்டால், 'வேணும்' என்பதற்கு, 'ஆமாம்' என்னும் பொருளுள்ள 'யா' சரிவராது. அதற்கென்றே 'யூ' என்று தனி ஸ்வீடிஷ் சொல் இருக்கிறது.

கடைசியாக நேரம். இங்கே தவறினால் வண்டி போய்விடும். 'ஹல்வ் ஒட்டா' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அரை எட்டு'. பிரிட்டிஷ் ஆங்கிலப் பழக்கத்தில் அது 8.30. ஸ்வீடனில் 7.30, எட்டை நோக்கிப் பாதி. கடிதத்திலும் குறுஞ்செய்தியிலும் பெரும்பாலும் 07.30 என்று எண்ணிலேயே எழுதுவதால் பிரச்சினை இல்லை, பேச்சில்தான் சிக்கல். டாக்டர் கிளினிக்கில் போனில் நேரம் சொன்னால், 'ஹூ ட்ரெட்டி?' (ஏழு முப்பதா?) என்று எண்ணாகத் திருப்பிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு வையுங்கள்.