“எனக்கும் அப்படித்தான்ம்மா!” குழந்தை தன்னைப் படக்கதைக்குள் பார்க்கப் பழக்கும் முறை

என் மகளுக்கு நான்கு வயதிலிருந்து இரவில் படக்கதை வாசித்துக் காட்டுகிறேன். அவளுக்கு ஆறு வயதாகும்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று கேட்டால், “அது புக்ல போடலையேம்மா” என்பாள். கதை அவளுக்கு வெளியே எங்கோ நடந்துகொண்டிருந்தது. அவள் வீடு, அவள் தெரு, அவள் அப்பத்தா யாருமே அதற்குள் நுழையவில்லை.

இதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இப்போது ஞாயிறு மாலையில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடும் இதையே செய்கிறேன். 4 முதல் 8 வயது வரை நன்றாக எடுபடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் புத்தகம்

முகமும் கையும் தெளிவாகத் தெரிகிற படங்கள் வேண்டும். ஒரே ஒரு சம்பவம் இருந்தால் போதும்: செருப்பு தொலைந்தது, பல் விழுந்தது, பாட்டி ஊருக்குப் போனாள். கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லும் கதைகளை இந்த வேலைக்கு நான் எடுப்பதே இல்லை. என்ன நினைக்க வேண்டும் என்பதைக் கதையே சொல்லிவிட்டால், பிள்ளை தன் நினைவைத் தேடிப் போக மாட்டாள்.

செலவில்லாமல் தொடங்க, பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழிலேயே நிறையப் படக்கதைகள் உண்டு, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் போனில் வைத்து வாசிக்காதீர்கள். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் ஓடிவிடும், பிள்ளை திரும்பிப் பார்க்க மாட்டாள். இந்த முறையின் உயிரே திரும்பிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ளுங்கள். இருமொழிப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகத்துடையவை எனக்குப் பிடிக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால், தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்கள் வகுப்பிலேயே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலப் புத்தகம்தான் கையில் இருக்கிறதா? வாசிப்பதை ஆங்கிலத்தில் வாசியுங்கள், பேசுவதைத் தமிழில் பேசுங்கள். அப்பத்தாவைப் பற்றிய நினைவு அப்பத்தா பேசுகிற மொழியில்தான் வரும்.

படி 1: ஒருமுறை நிறுத்தாமல் வாசியுங்கள்

நடுவில் கேள்வி வேண்டாம். கதையைக் கதையாகக் கேட்டு முடிக்கட்டும். மறுநாள் இரண்டாவது முறை வாசிக்கும்போதுதான் மற்றதெல்லாம்.

படி 2: கேட்காதீர்கள், சொல்லுங்கள்

நான் மூன்று மாதம் சிக்கிக்கொண்டது இங்கேதான்.

அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர் குழுவினரும் 1988-இல் முன்வைத்த உரையாடல் வாசிப்பு முறையைப் படித்துவிட்டுத்தான் தொடங்கினேன். பெரியவர் வாசிக்க, குழந்தை கேட்டுக்கொண்டே இருப்பதை மாற்றி, குழந்தையையே கதை சொல்ல வைக்கும் முறை அது. அதில் ஐந்து வகைத் தூண்டல்கள் சொல்கிறார்கள். ஒன்று, கதையைக் குழந்தையின் சொந்த வாழ்க்கையோடு சேர்ப்பது. நானும் பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, “உனக்கு இப்படி நடந்திருக்கா பாப்பா?” என்று கேட்டேன். ஒன்று “இல்ல” என்று வரும். இல்லையென்றால், “என் சட்டையும் சிவப்பு.”

இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஆறு வயதுப் பிள்ளை தன் நினைவு மொத்தத்தையும் ஒரு நொடியில் துழாவ வேண்டும். எதைத் தேடுவது என்றே அவளுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, அது பள்ளிக்கூடத்துக் கேள்வி மாதிரியே ஒலிக்கிறது. சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது என்று நினைத்து, கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறாள்.

ஒருநாள் இரவு ஒரு கதை வாசித்தோம். பாட்டி ஊருக்குத் திரும்புகிறாள், பேத்தி வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். ஒரு படத்தில் பஸ் புறப்படுகிறது. ஜன்னலுக்கு வெளியே பாட்டியின் கை மட்டும் ஆடுகிறது. “நம்ம போற பஸ்ஸும் பச்சைதாம்மா” என்றாள் மகள். அன்றைக்கு நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த ஞாபகத்தை அப்படியே சொன்னேன்.

“எனக்கு உன் வயசு இருக்கும். தாத்தா அருப்புக்கோட்டைக்குக் கிளம்புனாங்க. மாட்டுத்தாவணியில பஸ் ஏத்திவிடப் போனோம். இன்னும் ரெண்டு நாள் இருக்கச் சொன்னேன், இருக்கலை. அந்தக் கோபத்துல நான் டாட்டாவே காட்டலை. பஸ் போனதுக்கப்புறம் காட்டியிருக்கலாமேன்னு இருந்துச்சு.”

அதோடு நிறுத்திவிட்டேன். அவளும் பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தானாகவே கையை நீட்டி, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்த புத்தகத்தைப் பின்னால் திருப்பினாள். பஸ் படத்தில் அந்தப் பேத்தியின் மேல் விரலை வைத்தாள். “அம்மா, இவளும் டாட்டா காட்டலை. கையைப் பின்னாடி வச்சிருக்கா பாரு.”

அந்தப் படத்தை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பிள்ளையின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “அப்பத்தா போனப்ப நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். முழிச்சுத்தான் இருந்தேன்.”

உங்கள் கதையைச் சொல்லும்போது இதையெல்லாம் பாருங்கள். உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். நாலைந்து வாக்கியம் போதும். “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்காதீர்கள், அது அறிவுரைக்கான முன்னுரை என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கோபம், பொறாமை, பயம் மாதிரி, நாம் வெளியே சொல்லத் தயங்குகிற உணர்வு ஒன்று அதில் இருந்தால் பிள்ளைக்குத் துணிச்சல் வரும். முக்கியமாக, சொல்லி முடித்ததும் “உனக்கு?” என்று கேட்டுவிடாதீர்கள்.

காத்திருப்பது எளிதில்லை. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நான் மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். எண்ணி முடித்தும் பேசவில்லையா, சரி, பக்கத்தைத் திருப்பி வாசிப்பைத் தொடர்கிறேன். சில நாள் பதில் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வரும்.

படி 3: மறுபடி படத்துக்கு வாருங்கள்

பிள்ளை தன் கதையைச் சொன்னதும் வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அது வெறும் அரட்டையாகப் போய்விடும். சொந்த நினைவு கதையை இன்னும் ஆழமாகப் புரியவைக்க வேண்டும், அதற்கு ஒரு சின்னக் கேள்வி போதும்: “இவளுக்கும் அப்படித்தான் இருக்குமோ? படத்துல அது எங்க தெரியுது?”

மேலோட்டமான பதில் வந்தாலும் தள்ளாதீர்கள். பூனை தொலைந்துபோகும் கதை ஒன்றை மொட்டை மாடியில் வாசித்தேன். “எங்க வீட்லயும் பூனை இருக்கு அத்தை” என்றான் எதிர்வீட்டுப் பையன். “உங்க பூனை ஒருநாள் காணோம்னா முதல்ல எங்கடா தேடுவ?” என்றேன். “அரிசி மூட்டைக்குப் பின்னாடி. சத்தம் கேட்டா அங்கதான் போய் ஒளியும்.” சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தான். படத்தில் சிறுவன் தட்டைத் தட்டிக்கொண்டு கத்திக் கூப்பிடுகிறான். “இவன் கத்துறான்ல, அதான் வர மாட்டேங்குது!” அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பதை அவன் தன் வீட்டுப் பூனையை வைத்தே ஊகித்துவிட்டான். அந்த இடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

பார்க்காத ஊர், பார்க்காத பொருள்

பனி பொழிகிற கதை வருகிறது. நம் பிள்ளைகள் பனியைப் பார்த்ததில்லை. நான் பொருளை விட்டுவிட்டு உணர்வைப் பிடிக்கிறேன். கோடை முடிந்து முதல் மழை கொட்டும்போது வெளியே ஓடத் தோன்றுமே, அந்த அவசரம் அந்தப் பையனின் முகத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

ஆனால் எல்லாக் கதையையும் இப்படி இழுத்துக் கட்ட வேண்டாம். புத்தகம் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் இருக்கலாம், ஜன்னலாகவும் இருக்கலாம் என்று அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். “எனக்கு இப்படி இல்லை” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் முழுமையான பதில்தான். “உனக்கு எப்படி?” என்று கேட்டால் வேறுபாட்டிலிருந்தே பேச்சு தொடங்கும்.

எழுதிவைக்க

மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒரு கட்டு வாங்குங்கள். பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். கட்டம் போட்ட ஒர்க்‌ஷீட் நிறையக் கிடைக்கிறது, நான் பயன்படுத்துவதில்லை. ஒரு வாரம் முயன்று பார்த்தேன். பிள்ளைகள் கட்டத்தை நிரப்புவதற்காக நினைவுகளை உண்டாக்க ஆரம்பித்தார்கள்.

பிற்சேர்க்கை 1

இதைப் படித்துவிட்டு ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். பாட்டி கதையை வாசித்தபோது வகுப்பில் ஒரு பிள்ளை அடக்க முடியாமல் அழுதுவிட்டாளாம். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கூட்டத்தில் வாசிக்கும்போது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், பேச விரும்புகிறவர் பேசட்டும். எங்கள் மாடியில் நெஞ்சில் கை வைத்தால் “எனக்கும் அப்படித்தான், ஆனா சொல்ல வேண்டாம்” என்று பொருள். அழுதால் தோண்டிக் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அப்பாவோ அம்மாவோ கூட இல்லாத பிள்ளையும் இருக்கலாம்; “உங்க அப்பா எப்படி?” என்று கேட்பதற்குப் பதிலாக “உன்னை வீட்ல யாரு பார்த்துக்கிறாங்க?” என்று கேட்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

பிற்சேர்க்கை 2

இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அக்கா முந்திக்கொள்கிறாள், தம்பி அவள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான் என்று சிலர் கேட்டிருந்தார்கள். சின்னவன் முதலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால், அந்த ஒரு புத்தகத்தை மட்டும் தனித்தனியாக வாசியுங்கள். கதையை விட்டு விலகி, பிறந்தநாள் கேக்கில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டே போகிற பிள்ளையை முடிக்கும் வரை பேச விட்டு, பிறகு “படத்துல எங்க தெரியுது?” என்று கேட்டால் திரும்பி வந்துவிடுகிறாள்.

பிற்சேர்க்கை 3

“எனக்குச் சின்ன வயசு ஞாபகம் எதுவுமே சொல்லிக்கிற மாதிரி இல்லைங்க, நான் என்ன சொல்றது?” என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். சின்ன வயதுக்குப் போகவே வேண்டாம். நேற்று நடந்தது போதும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றபோது எப்படி இருந்தது, சாப்பாட்டு டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனபோது யார் பங்கு கொடுத்தார்கள், அதைச் சொல்லுங்கள். இன்றைக்கு வாசிக்கப் போகிற புத்தகத்தைப் பிள்ளை வருவதற்கு முன் ஒருமுறை புரட்டி, உங்களை நிறுத்துகிற ஒரு படத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.