மூத்த தம்பதியாக மிஷன் ஊழியத்துக்குப் போகிறீர்களா? நாங்கள் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பதி எங்களைப் பார்க்க வந்தார்கள். கணவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் இருவரும் மிஷன் ஊழியத்துக்கு, அதாவது வேறு ஊர்ச் சபையில் கொஞ்ச காலம் தங்கி உதவுவதற்கு, கிளம்புகிறார்கள். அந்த அக்கா ஒரு நோட்டைத் திறந்து, அங்கே போய்ச் செய்யப்போவதை எல்லாம் ஆசையாக வாசித்துக் காட்டினார். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், பாடல் குழு, கணக்கு எழுதுவது. கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன் எங்கள் நோட்டிலும் இதே பட்டியல்தான் இருந்தது.

மருந்துச் சீட்டை மறந்துவிட்டுப் போவது, தேவைக்கு மேல் மூட்டை கட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு.

எல்லாவற்றையும் நாமே இழுத்துப்போட்டுச் செய்வது

எங்கள் முதல் ஊழியம் 18 மாதம். நாற்பது பேர் கூடும் சின்னச் சபை. கதவைத் திறக்க வேண்டியவர் இரண்டு வாரம் தொடர்ந்து இருபது நிமிடம் தாமதமாக வந்தார். என் கணவர், "சாவியை எங்ககிட்டயே கொடுத்திடுங்க தம்பி, நாங்க பக்கத்துலதானே இருக்கோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் காணிக்கைக் கணக்கு வந்தது. அப்புறம் வருகைப் பதிவேடு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம்தான். அதனால் எங்கே தவறு நடக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் வகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள், கை சும்மா இருக்குமா? அந்த வகுப்பை அதுவரை நடத்தி வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். ஒரு ஞாயிறு அவள் பத்து நிமிடம் தாமதம். பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று நான் ஆரம்பித்துவிட்டேன். பாதி வகுப்பில் திரும்பிப் பார்த்தால் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறாள். கையில் நான்காக மடித்த தாள். அதற்குள்ளிருந்து பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய இரண்டு மீன்களின் வால் எட்டிப் பார்த்தது. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதைக்காக ராத்திரி உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "பரவாயில்ல ஆன்ட்டி, நீங்க எடுத்தாதான் பிள்ளைங்க சத்தம் போடாம கேக்குறாங்க" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரங்களில் கடைசி வரிசைக்குப் போனாள். பிறகு ஆராதனை நேரத்துக்கு மட்டும் வந்தாள். நாங்கள் ஊர் திரும்பி நான்கு மாதம் கழித்து ஒரு சகோதரி போனில் சொன்னார், பிள்ளைகள் வகுப்பு நின்றுபோய்விட்டது என்று. அது ஓடிக்கொண்டிருந்த வகுப்பு. நான் போகாமல் இருந்திருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். இதற்குப் பெயர் அர்ப்பணிப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். "இந்த வயசிலும் என்ன சுறுசுறுப்பு!" என்பார்கள். நாமும் அதை நம்பி இன்னும் இரண்டு வேலையைச் சேர்த்துக்கொள்வோம். இளவயது மிஷனெரிக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு வராது. அவர் தப்பாகக் கை வைத்தால் சபையார் எதிர்த்துப் பேசுவார்கள். நாம் கை வைத்தால் மரியாதைக்காக ஒதுங்கி நிற்பார்கள். நம் நரைமுடிதான் அவர்கள் வாயை அடைக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற மிஷன் அமைப்பின் ஹென்றி வென், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ரூஃபஸ் ஆண்டர்சன் இருவரும் இதைத்தான் வலியுறுத்தினார்கள். சபை தன்னைத்தானே ஆள வேண்டும், தன்னைத்தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்றார்கள். மிஷன் வேலை அங்கே தேவைப்படாமல் போவதே அந்த வேலை முடிந்ததற்கு அடையாளம் என்பது வென்னின் எண்ணம். வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதி செய்ததைப் பாருங்கள். அப்பொல்லோ என்ற போதகரின் போதனையில் ஒரு குறை தெரிந்தது. அவர்கள் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். அப்புறம் அவர் அகாயாவுக்குப் போய் ஊழியம் செய்தார்.

அடுத்த ஊழியத்தில் முதல் மாதம் எந்த வேலையையும் தொடவில்லை. பெயர்களைக் கற்றுக்கொண்டோம், வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினோம். பிறகு எதைச் செய்தாலும் அந்தச் சபை ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் செய்தோம். முதல் தடவை நாங்கள், இரண்டாம் தடவை சேர்ந்து, மூன்றாம் தடவை அவர், நாங்கள் கடைசி வரிசையில். சாவியைக் கொடுக்க வந்தபோது என் கணவர் வாங்கவில்லை. ஒரு ஞாயிறு கதவு திறக்கவே இல்லை. வெளித் திண்ணையில் ஆராதனை நடந்தது. எழுந்து போய் ஏதாவது செய்யலாமா என்று அவருக்குக் கை துறுதுறுத்தது எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர்களே பேசி இரண்டு மாற்றுச் சாவி செய்துகொண்டார்கள்.

என்னைப் பார்க்க வந்த அந்த அக்காவிடம் நோட்டிலிருந்த பட்டியலை அடித்துவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், நீங்கள் திரும்பி வந்த மறுவாரம் இதை யார் செய்வார் என்று ஒரு பெயர் எழுதுங்கள் என்றேன். பெயர் கிடைக்காத வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.

சொந்தப் பையிலிருந்து பணம் கொடுப்பது

கஷ்டத்தைக் கண்ணால் பார்த்தபின் கொடுக்காமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியாகக் கொடுத்த முதல் நாளிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிறவர் ஜெபத்துக்கு வருகிறாரா, உதவிக்கு வருகிறாரா என்று அவருக்கே குழப்பமாகிவிடும். கிடைக்காதவர் மனம் உடைவார். நாங்கள் ஒரு குடும்பத்துக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம். அதன்பின் அந்தத் தாய் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். கொடுப்பதைச் சபை மூலமாகக் கொடுங்கள். யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாம்.

ஒருவர் ஊழியர், மற்றவர் துணைக்கு வந்தவர்

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் பெயர் புதிய ஏற்பாட்டில் 6 இடங்களில் வருகிறது. ஓர் இடத்தில்கூட ஒருவர் மட்டும் தனியாக வரவில்லை. நடைமுறையில் நாம் அப்படி இருப்பதில்லை. என் கணவர் கூட்டத்துக்குப் போவார், நான் வந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். எட்டாம் மாதம் ஒரு ராத்திரி, "நான் எதுக்குங்க இங்க வந்தேன்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை அவரே அடுப்படிக்கு வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மாலை நான் வீடு சந்திக்கப் போனேன், சமையல் அவருடையது.

இன்னொன்று. வேலைக்குப் போன காலத்தில் பகலில் எட்டு மணி நேரம் பிரிந்திருந்த இருவர் இங்கே நாள் முழுக்க ஒன்றாக இருக்கிறோம். தினமும் ஒரு மணி நேரம் தனித்தனியாக இருங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

பேரப்பிள்ளைகளிடம் நினைத்தபோதெல்லாம் பேசுவது

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தெரிந்தால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். நினைத்தபோது கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், நமக்கு அன்று முழுவதும் மனசு சரியிருக்காது.

உடம்பு முடியாததை மறைப்பது

மூட்டு வலியோ சர்க்கரையோ, பொறுப்பாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

ஓய்வு நாளை விட்டுக்கொடுப்பது

கூடவே கூடாது.

திரும்பி வருவோம் என்று வாக்குக் கொடுப்பது

விடைபெறும்போது அழுகை வரும், வாயில் வாக்குறுதி தானாக வரும். வருவது நிச்சயம் என்றால் மட்டும் சொல்லுங்கள். நாங்கள் சொல்லிவிட்டு வந்தோம், போக முடியவில்லை. அந்தச் சபையில் ஒரு பாட்டி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்து, "எப்போ வர்றீங்க?" என்று இன்னும் கேட்கிறார்.