ஆர்எச்சிஎஸ்ஏ: ரீபூட் ஆன பிறகுதான் மார்க்

ஆர்எச்சிஎஸ்ஏ என்பது ரெட் ஹாட் நடத்தும் லினக்ஸ் நிர்வாகத் தேர்வு, மெஷினில் செய்து காட்ட வேண்டும். அதை முதல் முறை எழுதியபோது கேட்டதையெல்லாம் செய்துவிட்டோம் என்ற தெம்பில் வெளியே வந்தேன். ஃபெயில். எந்தக் கேள்வி தப்பு என்று ரிசல்ட்டில் வராது, தலைப்புவாரியாகச் சதவீதம் மட்டும்தான். எனக்குப் பெரும்பாலும் 0.

மொத்தம் 300, பாஸாக 210. நெட் கிடையாது, மேன் பேஜ் (மெஷினிலேயே இருக்கும் கமாண்ட் கையேடு) உண்டு. எந்த வழியில் செய்தீர்கள் என்பதற்கு மார்க் இல்லை, கடைசியில் மெஷின் எப்படி நிற்கிறது என்பதற்குத்தான். நெட்வொர்க்கை என்எம்சிஎல்ஐ கமாண்டில் மாற்றினாலும் சரி, என்எம்டியூஐ மெனுவில் மாற்றினாலும் சரி. (நான் இரண்டாவது கட்சி.) ஆனால் ரீபூட்டுக்குப் பிறகும், யாரும் கை வைக்காமல், அது நிலைத்திருக்க வேண்டும். ரெட் ஹாட் தேர்வுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

வீட்டில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இப்படிப் பழகுங்கள்.

1. சர்வீஸுக்கு ஸ்டார்ட் மட்டும் போதாது, இப்போதும் ஒவ்வொரு பூட்டிலும் ஓட 'எனேபிள் --நவ்' கொடுங்கள்.

2. ஃபயர்வாலில் விதி நிலைத்திருக்க '--பெர்மனென்ட்', அப்புறம் அதை அமலாக்க '--ரீலோட்'.

3. எஃப்எஸ்டேப், அதாவது பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் ஃபைல். நான் விழுந்த குழி இதுதான் என்று நினைக்கிறேன். டிஸ்க்கின் நீண்ட அடையாள எண்ணான யூயூஐடி-யைப் பார்த்துப் பார்த்து அதில் டைப் செய்தேன். டிவைஸ் பெயரைக் கொடுத்து மவுன்ட் செய்ததால், அந்த வரியில் தப்பு இருந்தாலும் அப்போது ஒன்றும் தெரியவில்லை. பிறகு வீட்டில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டுப் பார்த்தேன். இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோடில் ரூட் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. மெஷினே எழும்பவில்லை என்றால் அதில் செய்த மற்ற வேலைக்கு எங்கிருந்து மார்க்?

இப்போது டைப் செய்வதே இல்லை. பிஎல்கேஐடி கமாண்ட் காட்டும் யூயூஐடி-யை '>>' போட்டு ஃபைலின் கடைசியில் சேர்த்து, விம் எடிட்டரில் வெட்டிச் சீராக்குகிறேன். ஒற்றை '>' போட்டால் ஃபைலில் இருந்தது மொத்தமும் காலி, அதையும் செய்திருக்கிறேன். பிறகு அன்மவுன்ட், ஃபைலில் உள்ளதையெல்லாம் மவுன்ட் செய்ய 'மவுன்ட் -ஏ', ஃபைலைச் சரிபார்க்க 'ஃபைன்ட்எம்என்டி --வெரிஃபை'. மூன்றும் எரர் இல்லாமல் முடிந்தால்தான் அடுத்த கேள்வி.

4. கடைசி இருபது நிமிடத்தை ரீபூட்டுக்கு ஒதுக்குங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பிற்சேர்க்கை: எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்வது) போட்டால் தப்பிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். மெஷின் எழும்பும், மற்ற மார்க் பிழைக்கும், அந்த டிஸ்க்குக்கான மார்க் மட்டும் போகும். இன்னொருவர் ஸ்வாப்பில் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) மாட்டியிருக்கிறார்: 'மவுன்ட் -ஏ' ஸ்வாப் வரியைத் தொடாது. அதற்கு 'ஸ்வாப்ஆன் -ஏ' தனியாக ஓட்டுங்கள்.