ரெப்ளிகேஷன் டெஸ்ட்: தற்காலிக சர்வர்களைத் தனியாகப் பிரித்து வைப்பது எப்படி?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரெப்ளிகேஷனை, அதாவது ஒரு சர்வரின் டேட்டா இன்னொரு சர்வருக்கு நகலாவதைச் சோதிக்க ஒரே மெஷினில் குறைந்தது இரண்டு டேட்டாபேஸ் சர்வராவது ஓடவேண்டும். அங்கே உங்கள் அன்றாட வேலைக்கான சர்வர் வேறு ஏற்கெனவே 5432 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். புது சர்வர் கிளம்பாமல் எரர் வந்தால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். டெஸ்ட் ஸ்கிரிப்ட் அந்தப் பழைய சர்வரோடு பேசிவிட்டு சத்தமில்லாமல் 'பாஸ்' என்று சொல்வதுதான் வம்பு. போகிற போக்கில் அங்கிருக்கும் டேபிளையும் அழித்துவிடலாம். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ், 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று வைத்துச் சொல்கிறேன்.

படி 1: பிஜிஹோஸ்ட், பிஜிபோர்ட், பிஜிடேட்டா ஆகிய என்விரான்மென்ட் வேரியபிள்களை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே அன்செட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவை ஸ்கிரிப்டைப் பழைய சர்வரிடமே கொண்டுபோய் விடலாம்.

படி 2: மேக்டெம்ப் கட்டளையால் ஒரு தற்காலிக ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு டேட்டா ஃபோல்டர், ஒரு சாக்கெட் ஃபோல்டர் (சாக்கெட் என்பது அதே மெஷினிலிருந்து சர்வரோடு பேச உதவும் ஃபைல்). பாதை சின்னதாக இருக்கட்டும். லினக்ஸில் சாக்கெட் ஃபைலின் முழுப் பாதை 107 பைட்டுக்குள் அடங்கவேண்டும், அதனால் ஆழமான பில்ட் ஃபோல்டருக்குள் வைத்தால் சர்வர் எழாது.

படி 3: புது சர்வரின் டேட்டா ஃபோல்டரைத் தயார்செய்யும் இனிட்டிபி கட்டளையை ஓட்டி ப்ரைமரியை, அதாவது மூல சர்வரை, உருவாக்குங்கள் (ரூட் யூசராக ஓடாது). கான்ஃபிக் ஃபைலில் லிசன் அட்ரஸுக்குக் காலி மதிப்பு ('') கொடுத்து, சாக்கெட் டைரக்டரியை அதற்கான ஃபோல்டருக்கு மாற்றுங்கள். இப்போது நெட்வொர்க் போர்ட்டே திறக்காது, எனவே இரண்டு சர்வருக்கும் 5432 என்றே இருந்தாலும் மோதாது. மேக்டெம்ப் ஃபோல்டருக்குள் மற்ற யூசர்கள் நுழையவும் முடியாது. இனிட்டிபி சும்மா விட்டால் பாஸ்வேர்ட் கேட்காத சர்வரைத்தான் தரும் என்பதால் இது முக்கியம்.

படி 4: ப்ரைமரியை ஸ்டார்ட் செய்து, அதை நகலெடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் கட்டளையை ஆர் ஆப்ஷனோடு (பெரிய எழுத்து R) ஓட்டுங்கள். ஸ்டாண்ட்பைக்கு, அதாவது நகல் சர்வருக்கு, வேண்டிய சிக்னல் ஃபைலும் கனெக்‌ஷன் விவரமும் தானாக வந்துவிடும். ஆனால் ப்ரைமரியின் கான்ஃபிக் ஃபைலும் அப்படியே காப்பியாகிறது, அதில் இருப்பது ப்ரைமரியின் சாக்கெட் டைரக்டரி. ஸ்டாண்ட்பையைக் கிளப்பும் முன் அதனிடம் இருக்கும் காப்பியின் கடைசியில் அதன் சொந்த ஃபோல்டரை ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஒரே செட்டிங் இரண்டு முறை வந்தால் கடைசியாக இருப்பதுதான் செல்லும்.

படி 5: யாரோடு பேசுகிறோம் என்று பாருங்கள். இரண்டு சர்வரிடமும் டேட்டா டைரக்டரியைக் கேளுங்கள், உங்கள் தற்காலிக ஃபோல்டராக இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். இந்த ஒரு வரிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன வம்பைப் பிடிப்பது இதுதான்.

படி 6: இன்சர்ட் செய்துவிட்டு ஐந்து விநாடி ஸ்லீப் போடாதீர்கள். ப்ரைமரி தன் மாற்றங்களைப் பதியும் லாக் (WAL) அப்போது எதுவரை வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஸ்டாண்ட்பை அதுவரை ரீப்ளே செய்யும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஒரு டைம்அவுட்டோடு.

படி 7: சர்வர்களை நிறுத்தி ஃபோல்டரை அழிப்பதை எக்ஸிட் டிராப்பில் (trap: ஸ்கிரிப்ட் முடியும்போது ஷெல் தானாக ஓட்டும் பகுதி) வையுங்கள். டெஸ்ட் தோற்றால் மட்டும் ஃபோல்டரை விட்டுவையுங்கள், லாக் வேண்டியிருக்கும். ஸ்கிரிப்டை யாராவது கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றால் டிராப் ஓடாது, சர்வர்கள் அனாதையாக ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்கும் சேர்த்து வழி வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரு கன்டெய்னருக்குள் ஓட்டி, வேலை முடிந்ததும் கன்டெய்னரையே நீக்கிவிடுங்கள்.